மாணவர் எழுத்துக்கு மேடை அமைத்த தமிழவேள்

ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் ஸ்கூடாய் நகரம் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்திருந்த இப்பகுதி, இன்று வீடமைப்புப் பகுதிகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்த பெருநகரமாக வளர்ந்திருக்கிறது. தாமான் துன் அமினா தமிழ்ப்பள்ளியும் ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளியும் இங்குள்ள குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கின்றன. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகமும் இங்கேதான் இருக்கிறது.

ஸ்கூடாய் போன்ற ஊர்களில் பயிலும் மாணவர்களுக்குக் கவிதைப் போட்டியும் சிறுகதைப் போட்டியும் புதியவை அல்ல. பள்ளி அறிவிப்புப் பலகையில் போட்டி பற்றிய தாள் ஒட்டப்படுகிறது. ஆசிரியர் ஊக்குவிக்கிறார். மாணவர் எழுதி அனுப்புகிறார். பரிசு கிடைத்தால் பள்ளியின் சபைகூடலில் அவர் பெயர் வாசிக்கப்படுகிறது. சில வேளைகளில் அந்தப் படைப்பு நாளிதழிலோ மலரிலோ அச்சேறுகிறது. இவையெல்லாம் நமக்கு இயல்பாகத் தோன்றுகின்றன. ஆனால், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் வாழ்ந்த தமிழ் மாணவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு இல்லை. அவர் எழுதினால் வெளியிடுவதற்கு இதழும் இல்லை. பாராட்டுவதற்கு மேடையும் இல்லை. அந்த இதழையும் மேடையையும் அமைத்துக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

இளமையும் கடல் பயணமும்

சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் திருவாரூரில் பிறந்தார். 1924ஆம் ஆண்டு, தமது இருபத்தொன்றாம் வயதில், வேலை தேடிச் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். அதே ஆண்டில்தான் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் ஜொகூர் கடற்பாலம் அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. சிங்கப்பூரில் இந்தியருக்குச் சொந்தமான வணிக நிறுவனம் ஒன்றில் அவர் கணக்கர் பணியில் சேர்ந்தார்.

கணக்கேடு எழுதுவதே அவருடைய தொழில் என்றாலும், அவருடைய சிந்தனை அந்த ஏட்டோடு நின்றுவிடவில்லை. தம்மைச் சுற்றி வாழ்ந்த தமிழர்களின் நிலையை அவர் உற்றுநோக்கினார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், சாலை போட்டவர்கள், கடைகளில் கூலிக்கு நின்றவர்கள் எனப் பலரும் உழைத்தனர். ஆயினும், அவர்கள் சாதியாலும் மதத்தாலும் ஊராலும் பிரிந்து கிடந்தனர். கள் குடியும் கடனும் பல குடும்பங்களை அழித்தன. ஊரிலிருந்து வந்தவர்கள் என்றாவது ஒரு நாள் ஊருக்கே திரும்பிவிடலாம் என்னும் எண்ணத்தில் வாழ்ந்ததால், இங்கே பிறந்த பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி எண்ணியவர்கள் குறைவு.

1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ.வெ. இராமசாமி மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை புரிந்தார். அவருடைய சீர்திருத்தக் கருத்துகள் சாரங்கபாணியை ஏற்கெனவே ஈர்த்திருந்தன. அவ்வருகை அவருடைய ஆர்வத்தை மேலும் வலுப்படுத்தியது. 1932ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதன் தூண்களுள் ஒருவராகச் சாரங்கபாணி விளங்கினார். சாதி வேற்றுமையை ஒழித்தல், வீண் சடங்குகளைக் கைவிடுதல், கல்வியைப் பரப்புதல் ஆகியவற்றை அச்சங்கம் வலியுறுத்தியது.

ஒரு காசு இதழ்

சீர்திருத்தக் கருத்துகளை மேடையில் பேசினால் அன்று வந்திருந்தவர்கள் மட்டுமே கேட்பார்கள். அச்சில் வந்தால் கடற்பாலத்தைக் கடந்தும் அவை செல்லும். இதனை உணர்ந்த சீர்திருத்தச் சங்கத்தினர் 1935ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமிழ் முரசு இதழைத் தொடங்கினர். அது முதலில் வார இதழாக வெளிவந்தது. அதன் விலை ஒரு காசு. கூலித் தொழிலாளியும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு குறைந்த விலை வைக்கப்பட்டது. சில காலத்திற்குப் பின் இதழின் முழுப் பொறுப்பையும் சாரங்கபாணியே ஏற்றார். 1937ஆம் ஆண்டில் அது நாளிதழாக வளர்ந்தது.

அன்று எழுத்தறிவு பெற்றவர்கள் குறைவு. ஆகையால், ஒரு நாளிதழை ஒருவர் வாங்கி உரக்கப் படிப்பார், சுற்றியிருப்பவர்கள் கேட்பார்கள். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் தோட்டத்து லயன் வீட்டு வாசலிலும் இக்காட்சியைக் காண முடிந்தது. இவ்வாறு ஓர் இதழ் பலருடைய செவிகளைச் சென்றடைந்தது.

1942ஆம் ஆண்டு சிங்கப்பூர் சப்பானியர் வசமானது. தமிழ் முரசு நின்றது. போர் முடிந்ததும் சாரங்கபாணி மீண்டும் இதழைத் தொடங்கினார். ஆங்கிலம் அறிந்த இந்தியர்களுக்காக 1946ஆம் ஆண்டு இந்தியன் டெய்லி மெயில் என்னும் ஆங்கில நாளிதழையும் வெளியிட்டார். அது ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நடைபெற்றது.

தோட்டப்பள்ளி மாணவரின் நிலை

சாரங்கபாணி மாணவர்களுக்காகச் செய்த பணியின் அருமையை உணர வேண்டுமானால், அன்றைய தமிழ்க் கல்வியின் நிலையை நாம் அறிந்திருக்க வேண்டும். மலாய்க் கூட்டரசு மாநிலங்களில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்று கூறியது. சட்டம் இருந்தாலும் பல பள்ளிகள் பெயரளவிலேயே இயங்கின. பழைய கொட்டகை வகுப்பறையானது. சில இடங்களில் ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த தோட்டத்துக் கிராணியோ கங்காணியோ ஆசிரியராக நின்றார்.

ஆறாண்டுத் தொடக்கக் கல்வி முடிந்ததும் அம்மாணவரின் தமிழ்ப் படிப்பும் முடிந்துவிடும். தமிழில் இடைநிலைக் கல்வி பெற வழி இல்லை. ஆங்கிலப் பள்ளி நகரத்தில் இருந்தது. அதற்கான கட்டணமும் பயணச் செலவும் பெற்றோருக்கு எட்டாதவை. எனவே, பன்னிரண்டு வயதுச் சிறுவர் விடியற்காலையில் தாய் தந்தையருடன் பால்மரக் காட்டுக்குச் செல்லத் தொடங்குவார். பள்ளியில் கற்ற எழுத்துகள் பயன்பாடின்றி மெல்ல மறந்து போகும்.

மாணவர்களே, அந்தச் சிறுவரின் இடத்தில் உங்களை வைத்து எண்ணிப் பாருங்கள். உள்ளத்தில் ஒரு கதை இருக்கிறது. கையில் ஒரு பென்சில் இருக்கிறது. ஆனால், எழுதியதைப் படித்துப் பார்க்க ஒருவரும் இல்லை. தவற்றைச் சுட்டிக்காட்ட ஆசிரியரும் இல்லை. இந்நிலை நீடித்தால் என்ன ஆகும்? தமிழ் இந்நாட்டில் பேச்சுமொழியாக மட்டுமே எஞ்சும். அடுத்த தலைமுறையில் எழுத ஆள் இல்லாமல் போகும். எழுத ஆள் இல்லாவிட்டால் படிக்கவும் ஆள் இருக்காது. இந்த ஆபத்தைச் சாரங்கபாணி கண்டுகொண்டார்.

எழுத்தாளர்களை உருவாக்கிய நாளிதழ்கள்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் மலாயா, சிங்கப்பூர் நாளிதழ்கள் உள்ளூர் எழுத்தாளர்களை உருவாக்கும் பணியில் ஈடுபட்டன. அதுவரை இங்குள்ள இதழ்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த படைப்புகளையே பெரிதும் நம்பியிருந்தன. 1950ஆம் ஆண்டு கோலாலம்பூரின் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு என்னும் பகுதியைத் தொடங்கினர். கதையை எப்படித் தொடங்குவது, பாத்திரங்களை எப்படிப் படைப்பது என்பனவற்றை அவர்கள் பாடங்களாக எழுதினர். வாசகர்கள் பயிற்சிக் கதைகளை எழுதி அனுப்பினர். அவர்களுடைய தகுதி மதிப்பிடப்பட்டது.

தமிழ் முரசும் இம்முயற்சியில் பின்தங்கவில்லை. அதில் ரசனை வகுப்பு என்னும் பகுதி இடம்பெற்றது. ஒரு கதையைப் படித்து, அதன் நிறைகுறைகளைக் காரணத்துடன் எடுத்துரைக்கும் பயிற்சியை அது வாசகர்களுக்கு அளித்தது. நன்றாக எழுத விரும்புபவர் முதலில் நன்றாகப் படிக்கக் கற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. எழுதக் கற்பித்த வகுப்பும் படிக்கக் கற்பித்த வகுப்பும் சேர்ந்து ஒரு புதிய தலைமுறையைப் பண்படுத்தின.

மாணவர் மணிமன்ற மலர்

பெரியவர்களுக்கு எழுதப் பழக்கினால் மட்டும் போதாது, பள்ளிப் பருவத்திலேயே அப்பழக்கம் தொடங்க வேண்டும் என்று சாரங்கபாணி கருதினார். அதன் விளைவாக 1950களின் தொடக்கத்தில் தமிழ் முரசில் மாணவர்களுக்கென்றே ஒரு தனிப்பகுதி மலர்ந்தது. அதுவே மாணவர் மணிமன்ற மலர். அப்போது தமிழ் முரசில் பணியாற்றிய வை. திருநாவுக்கரசு அதனைப் பொறுப்பேற்று வளர்த்தார்.

மாணவர்கள் எழுதிய கதைகளும் கவிதைகளும் கட்டுரைகளும் அம்மலரில் வெளிவந்தன. சிங்கப்பூர்ப் பள்ளிகளிலிருந்து மட்டுமன்றி மலாயாவின் நகரங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் படைப்புகள் வந்தன. படைப்புடன் அதை எழுதிய மாணவரின் பெயரும் அச்சானது.

அச்சில் பெயர் வருவது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், அது அந்த மாணவருக்கு மூன்று நன்மைகளைத் தந்தது. முதலாவது, தாம் எழுதியது பிறர் படிக்கத் தக்கது என்னும் நம்பிக்கை. தோட்டத்தில் வாழும் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த நம்பிக்கையை வேறு எவரும் தந்திருக்கவில்லை. இரண்டாவது, ஒப்பீடு. தம் வயதுடைய வேறொரு மாணவரின் கவிதையை அருகிலேயே படிக்கும்போது, அவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார், எப்படி முடித்தார் என்பதைக் கவனிக்க முடிந்தது. மூன்றாவது, தோழமை. வெவ்வேறு ஊர்களில் வாழ்ந்து ஒருவரையொருவர் கண்டிராத மாணவர்கள் எழுத்தின் வழி அறிமுகமாயினர்.

இதழுக்குப் படைப்புகளை அனுப்பும் பழக்கத்திலும் ஒரு பயிற்சி அடங்கியிருந்தது. தாளின் ஒரு பக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும். இடம் குறைவு என்பதால் சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வெளிவராவிட்டால் மனம் தளராமல் மீண்டும் எழுத வேண்டும். இவை வகுப்பறையில் கற்பதைக் காட்டிலும் எளிதாக மனத்தில் பதியும் பாடங்கள்.

இதழிலிருந்து இயக்கம்

மாணவர் மணிமன்றம் தாளோடு நின்றுவிடவில்லை. மலரைப் படித்த மாணவர்களும் இளைஞர்களும் தத்தம் ஊர்களில் ஒன்றுகூடினர். பல ஊர்களில் மணிமன்றங்கள் தோன்றின. பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் கூடிய இளைஞர்கள் நாளிதழ் படித்தனர். பேச்சுப் பயிற்சி பெற்றனர். கவிதை, கட்டுரை எழுதிப் பழகினர். இதழில் ஒரு பக்கமாகத் தொடங்கிய முயற்சி இளைஞர் இயக்கமாக உருவெடுத்தது. மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றம் இன்றளவும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல முடியாத இளைஞர்களுக்கு மணிமன்றமே இடைநிலைப்பள்ளியாக விளங்கியது. அங்கு எழுதிப் பழகியவர்களும் மணிமன்ற மலரில் எழுதியவர்களும் பிற்காலத்தில் ஆசிரியர்களாகவும் செய்தியாளர்களாகவும் வானொலிக் கலைஞர்களாகவும் எழுத்தாளர்களாகவும் உயர்ந்தனர். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் ஒரு தலைமுறை இப்பக்கங்களிலிருந்தே எழுந்தது.

தமிழர் திருநாள்

அச்சில் கிடைத்த பாராட்டு பொதுமேடையிலும் கிடைக்கும்படி செய்த பெருமையும் சாரங்கபாணியைச் சாரும். சிங்கப்பூரில் பல தமிழ்ச் சங்கங்கள் தனித்தனியே இயங்கி வந்தன. அவற்றை ஒருங்கிணைக்க 1951ஆம் ஆண்டு தமிழர் பிரதிநிதித்துவ சபை அமைக்கப்பட்டது. அதன் தலைவராகச் சாரங்கபாணி பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு, அதாவது 1952ஆம் ஆண்டு, பொங்கலையொட்டித் தமிழர் திருநாள் கொண்டாடப்பட்டது.

எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும், எந்தச் சாதியில் பிறந்தவராயினும், தமிழர் என்னும் ஒரே உணர்வுடன் அனைவரும் கூட வேண்டும் என்பது அவ்விழாவின் நோக்கம். உழவுக்கும் உழைப்புக்கும் நன்றி கூறும் பொங்கல் அதற்குப் பொருத்தமான நாளாக அமைந்தது. தமிழ் முரசு விழாவைப் பற்றித் தொடர்ந்து எழுதியது. சிங்கப்பூரில் தொடங்கிய தமிழர் திருநாள் மலாயாவின் பல ஊர்களுக்கும் பரவியது.

தமிழர் திருநாளின் சிறப்புக்குப் போட்டிகள் ஒரு முக்கியக் காரணம். கட்டுரை, பேச்சு, இசை, விளையாட்டு எனப் பல துறைகளில் போட்டிகள் நடைபெற்றன. மாணவர்கள் திரளாகப் பங்கேற்றனர். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் மாணவருக்குப் பரிசு வழங்கப்பட்டது. தன் பிள்ளை மேடையேறிப் பரிசு பெறுவதைக் கண்ட தொழிலாளிக்குத் தமிழ் படிப்பதில் பயன் உண்டு என்பது விளங்கியது. பிள்ளையைத் தொடர்ந்து படிக்க வைக்க வேண்டும் என்னும் எண்ணமும் எழுந்தது. ஒரு மாணவர் பெற்ற பரிசு அவருடைய குடும்பத்தின் மனப்போக்கையே மாற்ற வல்லது என்பதைச் சாரங்கபாணி நன்கு அறிந்திருந்தார்.

பல்கலைக்கழகத்தில் தமிழ்

எழுதும் மாணவர் வளர்ந்தபின் எங்கே செல்வார்? அவர் மேலும் கற்பதற்கு உயர்கல்வியில் தமிழுக்கு இடம் வேண்டும். 1950களில் சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை தொடங்கும் திட்டம் உருவானது. அத்துறையில் எந்த மொழிக்கு முதன்மை இடம் தருவது என்னும் கேள்வி எழுந்தது. சமஸ்கிருதத்தை முதன்மையாகக் கற்பிக்கலாம் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. இந்நாட்டில் வாழும் இந்தியருள் பெரும்பான்மையினர் தமிழராக இருக்கும்போது, தமிழுக்கே முதன்மை தர வேண்டும் எனச் சாரங்கபாணி தமிழ் முரசின் வழி வாதிட்டார்.

அவர் வாதத்துடன் நிற்கவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் நூல்களைச் சேர்ப்பதற்காகத் தமிழ் எங்கள் உயிர் என்னும் பெயரில் ஒரு நிதியைத் தொடங்கினார். செல்வந்தர்களிடம் மட்டும் கையேந்தாமல், ஆளுக்கு ஒரு வெள்ளி தருமாறு பொதுமக்களை வேண்டினார். துறைமுகத் தொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் சிறு வணிகர்களும் தங்கள் உழைப்பில் கிடைத்த ஒரு வெள்ளியை மனமுவந்து தந்தனர். 1956ஆம் ஆண்டு இந்தியவியல் துறை தமிழுடன் தொடங்கப்பட்டது. பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. அத்துறையில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால், 1966ஆம் ஆண்டு முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

தொடக்கப்பள்ளியுடன் தமிழ்ப் படிப்பு முடிந்துவிடும் என்றிருந்த நாட்டில், பல்கலைக்கழகம் வரை தமிழ் செல்வதற்கு வழி பிறந்தது. அவ்வழிக்குக் கல் சுமந்தவர்களுள் பலர் பல்கலைக்கழக வாயிலைக்கூடக் கண்டிராத ஏழைத் தொழிலாளர்கள் என்பதை நாம் மறத்தல் கூடாது.

தொண்டும் சோதனையும்

சாரங்கபாணி தாம் எழுதிய கருத்துகளைத் தம் வாழ்விலும் கடைப்பிடித்தார். 1937ஆம் ஆண்டு சீனப் பெண்மணி ஒருவரை மணந்தார். இனம் கடந்த திருமணம் அரிதாக இருந்த காலத்தில் அது துணிவான செயலாகும். 1950களில் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, தமிழர்கள் தவறாமல் குடியுரிமை பெற வேண்டும் என்று தமிழ் முரசின் வழி இடைவிடாது வலியுறுத்தினார். வாழும் நாட்டைத் தம் நாடாகக் கருதினால்தான் பிள்ளைகளின் எதிர்காலம் பாதுகாப்பாக இருக்கும் என்பது அவர் கருத்து.

அவருடைய பாதையில் மலர்கள் மட்டுமே இருந்தன என்று கூற இயலாது. சீர்திருத்தக் கருத்துகளுக்குப் பழைமையில் ஊறியவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இதழ் நடத்தப் பணம் எப்போதும் போதவில்லை. குறைந்த விலைக்கு விற்கும் இதழில் வருவாய் குறைவு. தாள், மை, அச்சு, ஊழியர் சம்பளம் ஆகிய செலவுகளோ நாள்தோறும் காத்திருந்தன. 1963ஆம் ஆண்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதனால் தமிழ் முரசு சில காலம் வெளிவரவில்லை. அவருக்கு அது பெருஞ்சோதனையாக அமைந்தது. ஆயினும், இதழ் மீண்டும் வெளிவந்தது.

தமிழுக்கும் தமிழருக்கும் அவர் ஆற்றிய தொண்டினைப் போற்றி மக்கள் அவரைத் தமிழவேள் என்று அழைத்தனர். 1974ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அவர் வளர்த்த தமிழ் முரசு இன்றும் சிங்கப்பூரில் நாளிதழாக வெளிவந்து கொண்டிருக்கிறது.

நம் கையில் உள்ள பேனா

சாரங்கபாணி பெருங்கவிஞரோ புகழ்பெற்ற கதாசிரியரோ அல்லர். ஆயினும், கவிஞர்களும் கதாசிரியர்களும் தோன்றுவதற்கான சூழலை அவர் உருவாக்கினார். விதை நல்லதாக இருந்தாலும் நிலமும் நீரும் இல்லாவிட்டால் முளைக்காது. இளம் எழுத்தாளர்களுக்கு அவர் நிலமும் நீருமாக இருந்தார். இதழில் ஒரு பக்கம், விழாவில் ஒரு மேடை, பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் என்னும் மூன்றையும் படிப்படியாக அமைத்துத் தந்தார்.

அவர் காலத்து மாணவருக்கும் இன்றைய மாணவருக்கும் வேறுபாடுகள் பல. இன்று தமிழ்ப்பள்ளியில் படித்தவர் இடைநிலைப்பள்ளியிலும் தமிழைப் பாடமாகப் பயிலலாம், எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியையும் தமிழ் இலக்கியத்தையும் எழுதலாம். பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களே போட்டிகளை நடத்துகின்றனர். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை 1980களில் தொடங்கிய பேரவைக் கதைகள் சிறுகதைப் போட்டியில், மாணவர்களுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. பரிசு பெற்ற கதைகள் நூலாகவும் வெளிவருகின்றன. ஸ்கூடாயில் வாழும் ஒரு மாணவர் தம் அறையில் அமர்ந்து எழுதிய கவிதை, கணினியின் வழி அன்றே போட்டி நடத்துவோரின் கையில் சேர்ந்துவிடுகிறது. தமிழ் முரசுக்கு எழுதிய மாணவரோ அஞ்சல் உறைக்கும் தலைக்கும் காசு சேர்க்க வேண்டியிருந்தது.

வாய்ப்பு பெருகியிருந்தாலும் எழுதும் உழைப்பு குறைந்துவிடவில்லை. போட்டியில் பரிசு பெறுபவர் சிலரே. பரிசு பெறாதவரின் முயற்சி வீணாகிவிட்டதா? இல்லை. அவர் ஒரு பொருளைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்திருக்கிறார், பொருத்தமான சொல்லைத் தேடியிருக்கிறார், எழுதியதைத் திருத்தியிருக்கிறார். மணிமன்ற மலருக்கு எழுதிய மாணவர்கள் அனைவருமே எழுத்தாளர்கள் ஆகிவிடவில்லை. ஆனால், அவர்கள் நல்ல வாசகர்களாக வளர்ந்தனர். தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தனர். ஒரு மொழி வாழ்வதற்கு எழுத்தாளரைப் போலவே வாசகரும் தேவை.

எனவே, அடுத்த முறை பள்ளி அறிவிப்புப் பலகையில் கவிதைப் போட்டி பற்றிய தாளைக் காணும் மாணவர், அதனைக் கடந்து செல்லாமல் நின்று படிக்க வேண்டும். தம் ஊரைப் பற்றி, தம் குடும்பத்தின் உழைப்பைப் பற்றி, தாம் கண்ட ஒரு நிகழ்வைப் பற்றி எழுத முயல வேண்டும். தமக்குப் பரிசு கிடைக்காவிடில், பரிசு பெற்ற நண்பரின் படைப்பைப் படித்துப் பாராட்டவும் வேண்டும். அதுவே, எளிய மக்களின் பிள்ளைகளும் எழுத வேண்டும் என்று உழைத்த தமிழவேளுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.

சிந்தித்துக் கூறுக

1. தமிழ் முரசு ஒரு காசு விலையில் விற்கப்பட்டதன் காரணம் யாது?

2. மாணவர் மணிமன்ற மலரில் படைப்புகள் வெளிவந்ததால் மாணவர்கள் அடைந்த நன்மைகள் யாவை?

3. இடைநிலைப்பள்ளிக்குச் செல்ல முடியாத இளைஞர்களுக்கு மணிமன்றம் எவ்வாறு உதவியது?

4. தமிழர் திருநாள் போட்டிகள் பெற்றோரின் மனப்போக்கை எவ்வாறு மாற்றின?

5. போட்டியில் பரிசு பெறாத மாணவரின் முயற்சியும் பயனுடையதே. இக்கருத்தை ஏற்கிறாயா? காரணத்துடன் விளக்குக.